லேபிளும் பேட்ச் நம்பரும்

பூவனநாதன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆலையில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பெங்களூரில் நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவனுக்கு இதை வாங்கித் தந்தது அக்கா பாண்டிச்செல்வி. அவள் அங்கே பேக்கிங் மேற்பார்வை. "தம்பி நிப்பான், நான் பொறுப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அன்று காலையிலிருந்து பில் அடிக்கும் மென்பொருள் பாதியில் நின்றது. பில் இல்லாமல் லாரி கிளம்பாது. லாரி ஐந்து மணிக்கு.

"லோடு நின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. என்னிடம் இல்லை, அக்காவிடம்.

பழுது நீக்கிய பதிப்பு முந்தின நாளே வந்துவிட்டதாகத் தயாரித்தவர்கள் அறிவித்திருந்தார்கள். அந்த மென்பொருள் கண்டெய்னர் இமேஜாக வரும். வேண்டியதையெல்லாம் உள்ளே அடுக்கி மூடிய கட்டு, மேலே ஒரு பெயர். 'லேட்டஸ்ட்' என்ற பெயரைக் கொடுத்து மூன்று தடவை இறக்கினேன். மூன்று தடவையும் இருப்பது புதியதுதான் என்றது திரை. பில் நின்ற இடத்திலேயே நின்றது.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். விரலெல்லாம் பசை.

"என்னலே, கறுப்புத் திரைய மொறச்சிக்கிட்டு இருக்க?"

"புதுசுன்னு போட்டிருக்கு. ஆனா பழசு மாதிரியே நடக்குது."

"எங்கன போட்டிருக்கு? மேலயா?"

"ஆமா."

"இதுக்கா பெங்களூரு போன? நாங்க ஒரே குச்சிய மூணு லேபிள்ல அடைக்கோம். லேபிளப் பாத்து மருந்து என்னைக்கு முக்குனதுன்னு எவ சொல்லுவா? பேட்ச் நம்பரப் பாருலே."

எரிச்சலாக இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. ஒவ்வொரு இமேஜுக்கும் உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிட்ட ஒரு நீண்ட எண் உண்டு. பெயரை எதன் மேலும் ஒட்டலாம். எண்ணை ஒட்ட முடியாது.

தயாரித்தவர்களின் சர்வரில் உள்ள எல்லாப் பெயர்களையும் எண்ணோடு காட்டும் கட்டளையைத் தட்டினேன். 'லேட்டஸ்ட்' எட்டு மாதப் பழசின் மேல் ஒட்டியிருந்தது. மாற்றி ஒட்ட மறந்திருக்கிறார்கள். நேற்றையது 4.3 என்ற பெயரில் தனியாகக் கிடந்தது, வேறு எண்ணோடு. அதைப் பெயர் சொல்லி இறக்கினேன். நாலே முக்காலுக்கு முதல் பில் வந்தது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "எப்பச் சரியாச்சு?"

"மத்தியானமே அண்ணாச்சி. தம்பி சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான்" என்றாள் அக்கா.

அவர் போனதும் அவளைப் பார்த்தேன். "மத்தியானமேவா?"

"வாய மூடிக்கிட்டு மிச்ச பில்ல அடி."

மறுநாள் ஒரு சின்ன நிரல் எழுதினேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு அது அந்த எண்களைப் பார்க்கும். மாறியிருந்தால் என் போனுக்கும் அக்கா போனுக்கும் செய்தி வரும். எட்டு நாள் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அக்கா பேக்கிங் வாசலில் நின்று, நாற்பது பெண்கள் கேட்கக் கத்தினாள்:

"ஏலே, பேட்ச் மாறியிருக்குலே! தூங்குதியா?"

"அப்பவே பாத்துட்டேன்" என்றபடி போனைத் தேடினேன்.