இரண்டு மணித் தண்ணீர்

"இன்னும் பத்து நிமிஷம்" என்று கமலா மூன்றாவது தடவை சொன்னபோது, அப்பாவின் பாடையைப் படகில் ஏற்றியாகிவிட்டது. வாசலைத் தாண்டிய பாடை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

"நிக்கலாம் அக்கா, தண்ணி நிக்காதே" என்றார் படகுக்கார ஹனீஃப். "ரெண்டு மணிக்கு மேல எறங்கிடும்."

"அண்ணன் வந்துரும் பாய்."

அண்ணன் தேவேந்திராவுக்குத் தீவின் மறுகோடியில் தவுவா பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை. விடிந்ததும் சேதி போயிருந்தது. பெற்ற பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும் என்பதில் கமலா உடும்புப் பிடியாக இருந்தாள்.

சுடுகாடு, படகு நின்ற வாய்க்காலின் கடல்முனையில். ஃபிஜிக்காரர்கள் தோணிக்காக என்றோ வெட்டிய வாய்க்கால் அது. பிறகு கரும்புக் கம்பெனி அகலப்படுத்தியது; சுவாவிலிருந்து சின்னக் கப்பல்கள்கூட வந்தன. சேறு வாரும் கூட்டத்துக்கு அப்பா பாலசுப்பிரமணிதான் சர்தார், அதாவது மேஸ்திரி. நௌசோரி சர்க்கரை மில்லை மூடி ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அதில் போவது நண்டு பிடிக்கிறவர்களும் நெல் மூட்டைகளும்தான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் அப்பாவுக்குக் காது கேட்காது. வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்றால் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இரண்டே முக்காலுக்குத் தேவேந்திரா ஓடி வந்தான். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டுப் படகில் ஏறிக்கொண்டான். எஞ்சின் கிளம்பியது. நாற்பது அடி போவதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அசையவில்லை. அடுத்த கடலேற்றம் நடுராத்திரிக்குப் பிறகுதான்.

"எத்தன மணிக்குப் பொறப்பட்டிருக்கணும்?" என்று கேட்டான் தேவேந்திரா.

ஹனீஃப் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். சேற்றைப் பார்த்தாலே தண்ணீரின் ஆழம் சொல்லும் அப்பாவை, அவர் வாய்க்காலிலேயே கமலா தரைதட்ட வைத்துவிட்டாள்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையிலிருந்து சேற்றில் இறங்கினாள்.

"அடியே, பொம்பளைங்க கரையோட நிக்கணும்!" என்று கத்தினாள் பொன்னம்மா அத்தை.

"நிறுத்தி வச்சது நான்தானே அத்தே."

அண்ணன் நகர்ந்து இடம் விட்டான். மற்றவர்களோடு சேர்ந்து இருவரும் பின்பக்கம் தோள் கொடுத்தார்கள். படகு ஒரு சாண் நகர்ந்தது, பிறகு ஒரு முழம், பிறகு தானாகவே ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. ஆண்கள் தாவி ஏறினார்கள்.

பொன்னம்மா அத்தை கரையிலிருந்து கையை நீட்டினாள். கமலா பிடித்துக்கொள்ளவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வரை முழங்கால் சேற்றில் நின்றாள்.