திரையின் மூலையில் எண்பத்தெட்டு டிகிரி

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். ஜெர்சனின் விமானம் சிவப்பு, என்னுடையது வெள்ளை. இரண்டும் ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானங்கள். மேட்டுப்பாளையம் வரை இறக்கைகள் உரசாத குறையாகப் பறப்போம். பாக்குத் தோப்புகளும் பவானி ஆறும் கனவில் வருவதுபோலக் கீழே நழுவிப் போகும். மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் என் படம் திக்க ஆரம்பிக்கும். மேகம் ஒரு கணம் அசையாமல் நிற்கும், பிறகு தாவும். நான் வலப்பக்கம் திருப்பினால் விமானம் தாமதித்துத்தான் திரும்பும். அதற்குள் எதிரே பாறை வந்திருக்கும். சிவப்பு விமானம் மட்டும் மலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும்.

இது கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு. என் கணவர் ஜெர்சன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் கீழ் கோத்தகிரியில் அவருடைய அம்மா பிரிஸில்லா அத்தையோடு இருக்கிறேன். தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் வேலை. போன வருஷ லீவில் வந்தபோது அவர் உதிரி உதிரியாக வாங்கித் தன் கையாலேயே இந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்தி வைத்துவிட்டுப் போனார். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலங்கள் நாங்கள் சந்திப்பது இந்த வானத்தில்தான்.

அக்டோபர் மழை பிடித்ததிலிருந்து ஒரு தடவைகூட எங்களால் மலையை ஒன்றாகத் தாண்ட முடியவில்லை. இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து அவரைப் பாலைவனத்துக்குள் இருக்கும் எண்ணெய் வயல் முகாமுக்குக் கூட்டிப் போகப் போகிறது. அங்கே போன் பேசுவதற்கே சிக்னலைத் தேட வேண்டுமாம், விளையாட்டுக்கு வழியே இல்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது, ஈஸ்டருக்கும் உறுதியில்லை. போவதற்குள் ஒரே ஒரு முறை, நம் வீடு இருக்கும் மலைச்சரிவுக்கு மேலே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பறந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு அவரைவிட அதிகமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் போனில் சொன்ன விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். திரையின் இடது மூலையில் பச்சை எண்கள் வரிசையாக வந்து நின்றன. ஆட்டம் நடக்கும்போதே கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் எண்கள் அவை. எனக்கு அவற்றைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. மூடிய பெட்டி ஒன்று வாய் திறந்து பேசுவதுபோல இருந்தது.

முதல் எண் எஃப்பிஎஸ். திரையில் எதுவும் உண்மையில் நகர்வதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன, கண் அவற்றைக் கோத்து ஓட்டமாக்கிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைந்து முடிக்கப்படுகிறது என்பதுதான் அந்த எண். அதன் கீழே ஒரு மெல்லிய கோடு ஓடியது. ஒவ்வொரு படத்தையும் வரைய எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அது காட்டுகிறது. பக்கத்தில் அத்தை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அவர் மடியைப் பார்த்தபோது அந்தக் கோடு எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு வரிசையில் எத்தனை கண்ணி என்பது எஃப்பிஎஸ். கண்ணிகள் ஒரே அளவாக விழுகின்றனவா என்பது அந்தக் கோடு. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு கண்ணி தளர்ந்துவிட்டால் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். படம் திக்குவதும் அப்படித்தான்.

அதற்குக் கீழே கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது, என்ன வேகத்தில் துடிக்கிறது என்று மூன்று எண்கள் இருந்தன. படங்களை வரைவது இந்தக் கார்டுதான்.

ஜெர்சன் முதல் எண்ணை மட்டும் கேட்டார். சமவெளியில் நாற்பத்தைந்து இருந்தது. மலை வந்ததும் இருபத்திரண்டு என்றேன்.

"மலையில மரம் ஜாஸ்தி. ஒவ்வொண்ணையும் வரையோணுமில்ல, அதுக்குத்தான் திணறுது" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மரங்களைக் குறைக்கும்படி அமைப்பை மாற்றினேன். சோலைகள் மொட்டையாயின. ஆனாலும் மலையடிவாரத்தில் படம் திக்கியது.

மறுநாள் ஃபேக்டரியில் இருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. மலைதான் காரணமென்றால், நேராக மலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கினால் முதல் நொடியிலிருந்தே திக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் விமானத்தை எங்கள் மலையிலேயே உள்ள கோடநாட்டுக்கு மேலே வைத்துத் தொடங்கினேன். நாற்பத்திரண்டு என்று காட்டியது. ஆச்சரியமாக இருந்தது. பறக்காமல், அந்தரத்தில் நிறுத்திவிட்டு அதே பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அதே மரங்கள், அதே பாறை, அதே மாலை வெயில். ஒன்றுமே மாறவில்லை. எண் மட்டும் முப்பத்தைந்து, முப்பது, இருபத்தாறு என்று இறங்கிக்கொண்டே வந்தது.

அப்படியானால் காரணம் இடமல்ல, நேரம். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி மலையடிவாரம் வருவதற்கு ஆகும் நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக மாறுகிறது. நாங்கள்தான் அதை மலையின் தலையில் போட்டிருந்தோம்.

மற்ற எண்களைப் பார்த்தேன். உழைப்பு தொண்ணூற்றொன்பது சதவீதம். சூடு எண்பத்தெட்டு டிகிரி. அதை வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

"எம்பத்தெட்டா? பரவால்லியே, நல்லா கதகதன்னுதான் இருக்குது" என்றார் அத்தை, பின்னலிலிருந்து நிமிராமல்.

எனக்கும் அதுவரை அது நல்ல செய்தியாகத்தான் தெரிந்திருந்தது. இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் எல்லா வீட்டிலும் மர அலமாரிக்குள் ஒரு குண்டு பல்ப் எரியும். அது இல்லாவிட்டால் கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையில் பூசணம் படரும், தோல் செருப்பு வெளுக்கும், பைபிள் அட்டை நமத்துப்போகும். இங்கே எந்தப் பொருளும் சூட்டினால் கெட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கெடுப்பது ஈரம்தான். கோத்தகிரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரிஜோவும் மழை தொடங்கும்போது அதைத்தான் சொல்லியிருந்தார். அவரிடம் வரும் கம்ப்யூட்டர்களில் பாதி, ஈரத்தில் உள்ளே பச்சைக் களிம்பு பூத்து வருபவை. அதனால் கம்ப்யூட்டர் பெட்டியைப் புடவைகளுக்குப் பக்கத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் பல்புக்கு அடியில் வைத்திருந்தோம். வயர்கள் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தன. போதாததற்கு அத்தை அதற்கு அளவெடுத்து நீல உல்லன் நூலில் ஒரு உறை பின்னிப் போட்டிருந்தார். பட்டனை அழுத்துவதற்கு ஓர் ஓட்டை, கழுத்தில் வெள்ளைக் கரை. மகன் பொருத்திய பெட்டிக்கு மகனுக்குப் பின்னுவதுபோலவே பின்னியிருந்தார்.

இதையெல்லாம் நான் ஜெர்சனிடம் சொன்னதில்லை. மழைக்காலத்தில் எதுதான் அலமாரிக்குள் இல்லை? சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கி, இந்த முறை கடைசி எண்ணை மட்டும் கவனித்தேன். கார்டின் துடிப்பு. தொடக்கத்தில் ஆயிரத்தெண்ணூறு மெகாஹெர்ட்ஸ். சூடு எண்பதைத் தாண்டியதும் அது தளர ஆரம்பித்தது. எண்பத்தெட்டுக்குச் சூடு வந்து நின்றபோது துடிப்பு ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தது. படங்களின் எண்ணிக்கையும் அதோடு சேர்ந்தே விழுந்தது. சூடு அதற்கு மேல் ஏறாமல் எண்பத்தெட்டிலேயே ஏன் நிற்கிறது என்பதும் அப்போது விளங்கியது. மேலும் சூடானால் கருகிவிடும் என்று கார்டு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. தொண்ணூற்றொன்பது சதவீதம் என்பது பொய்யல்ல. முழு மூச்சோடுதான் ஏறுகிறது, ஆனால் எடுத்து வைக்கும் அடி சிறிதாகிவிட்டது.

அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்ளிருந்து வந்த காற்று அடுப்படிக் காற்றுபோல முகத்தில் அடித்தது. கம்பளிக்குள் ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. அவை உள்ளே இழுக்கக் குளிர்ந்த காற்றே இல்லை. தாங்கள் வெளியே தள்ளிய சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தன.

உறையைக் கழற்றலாமா என்று அத்தையிடம் கேட்க எனக்கு வெள்ளிக்கிழமைவரை தைரியம் வரவில்லை. கேட்டதும் ஊசிகள் நின்றன.

"அளவு சரியில்லியா?"

"அளவெல்லாம் கச்சிதந்தானுங்க அத்தை. அதுக்கு மூச்சு முட்டுது."

"கழட்டிப்போட்டா ஈரம் புடிச்சுப்போகாதா? ரிஜோ தம்பி அத்தனை சொல்லுச்சே."

பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் அவர் பின்னியதைக் கழற்ற முடியாது. வெளியிலிருந்து வந்து சூடான டீயைக் குடிக்கும்போது அவருடைய மூக்குக் கண்ணாடி மங்குகிறதல்லவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கண்ணாடி சில்லென்று இருப்பதால்தான் அதில் ஈரம் வந்து உட்காருகிறது. அதே கண்ணாடியை அடுப்போரம் வைத்திருந்து எடுத்துப் போட்டால் மங்காது. ஈரம் எப்போதும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருளாகப் பார்த்துத்தான் படியும். கம்ப்யூட்டர் ஓடும்வரை அது அறையில் உள்ள எல்லாவற்றையும்விடச் சூடான பொருள். ஜன்னலைத் திறந்து மேகத்தையே உள்ளே விட்டாலும் அதன்மேல் உட்காராது. நிறுத்தி, ஆறிப்போன பிறகுதான் அதற்குக் கம்பளியும் பல்பும் வேண்டும்.

அத்தை ஊசிகளை மடியில் வைத்தார்.

"அப்ப வேலை செய்யறப்ப சட்டையில்லாம இருக்கோணும், தூங்கறப்ப கம்பளி போத்தோணும். உங்க மாமனாரும் இதே கூத்துத்தான்" என்றார். பிறகு அவரே குனிந்து, தலை வழியாக உறையை மெதுவாக உருவி எடுத்தார்.

பெட்டியை ஜன்னலோரம் மேசைமேல் வைத்தோம். நான்கு மணிக்குமேல் எங்கள் வீட்டு ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று திறந்தோம். மேகம் சரிவிலிருந்து எழும்பி, தேயிலைச் செடிகளைத் தாண்டி, கம்பிகளுக்கிடையே நுழைந்து அறைக்குள் வந்தது. திரையின் மூலையில் எண்பத்தெட்டு எழுபத்தொன்பதானது, எழுபதானது, அறுபத்தாறில் நின்றது. துடிப்பு ஆயிரத்தெண்ணூறை விட்டு அசையவில்லை.

ஜெர்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உல்லன் உறை என்றதும் போனில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒரு யோசனை சொன்னார். எண்ணிக்கை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே தாவ விடாதே, முப்பதிலேயே கட்டிப்போடு. கார்டுக்கு மிச்ச மூச்சு இருக்கும், எல்லாப் படமும் ஒரே நேர அளவில் வரும். அப்படியே செய்தேன். பல்லும் பள்ளமுமாக இருந்த கோடு நீட்டிப் பிடித்த நூலாயிற்று.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் கிளம்பினோம். அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேட்டுப்பாளையம் வந்தது, ஆறு வந்தது, மலை எழும்பியது. முதல் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மேகம் நிற்காமல் நகர்ந்தது. திருப்பினால் விமானம் அப்போதே திரும்பியது. பாறை என் இடப்பக்கமாக அமைதியாகக் கீழே இறங்கிப் போயிற்று. வலப்பக்கம் சிவப்பு விமானம் என்னோடு ஏறிக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டு அந்தந்த நேரத்து நிஜ வானிலையை எடுத்துக்கொள்ளும். அதனால் கோத்தகிரியைத் தாண்டியதும் எங்கள் சரிவு முழுக்க வெண்மையாக மூடிக் கிடந்தது. மேலே வெயில், கீழே மேகம், பால்போல, விளிம்புவரை. மேகத்தை வரைவதுதான் கார்டுக்கு மிகப் பெரிய வேலை. உழைப்பு தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது, சூடு எழுபத்தொன்று. எண்ணிக்கை முப்பதை விட்டு இறங்கவில்லை.

"நம்ம ஊடு எங்க?" என்று கேட்டார் அத்தை.

நான் வெண்மையில் ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு அறைக்குள் மிதந்துகொண்டிருந்த மேகத்தைப் பார்த்தார்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் இப்ப அதுக்குள்ளதான் உக்காந்திருக்கறமா?"

ஜெர்சன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வேணும்னா மேகத்தை எடுத்துரலாம், கெஸியா. ஒரு பட்டன்தான். சரிவு நல்லாத் தெரியும்."

"வேண்டாங்க. நாங்க இருக்கற எடம் இப்ப இப்படித்தான் இருக்குது."

வெண்மைக்கு மேலே இரண்டு நிழல்கள் சேர்ந்து போயின. ஒருமுறை வட்டமடித்தோம், இன்னொரு முறையும். வெயில் மஞ்சளாகி, மேகத்தின் மடிப்புகளில் நீலம் இறங்கியது. போன் வழியாக அவர் அறையில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை, என்னிடம் ஒரு வார்த்தை.

"நேராவே புடிச்சுட்டுப் போ. நான் பக்கத்துல இருக்கறப்பவே வெளியேறிக்கறேன்."

வலப்பக்கம் சிவப்பு விமானம் இருந்தது, அடுத்த படத்தில் இல்லை. சத்தமோ புகையோ எதுவும் இல்லை. அது இருந்த இடத்தில் வானம் இருந்தது.

நான் மூலையைப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்றாக இருந்த உழைப்பு எண்பத்தேழாகியிருந்தது. அந்த ஆறு சதவீதம் அதுவரை ஜெர்சனை வரைந்துகொண்டிருந்தது. அவர் சொன்னபடி விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.