இருமல் பேய்

பவுடர் கூடவே கூடாது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் கமலாக்ஷி கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் மாயம்மாள் பவுடர் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயால் அல்ல, வாய் மூச்சுக்கே போதவில்லை. விரலால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இசக்கிசெல்வி ஆக்சிஜன் குழாயைத் தாயின் காதுக்குப் பின்னால் சரியாக ஒதுக்கிவிட்டு, நெற்றியில் பொட்டு மட்டும் வைத்தாள்.

"பத்து மணிக்குத்தான வாராவ?" மூச்சைச் சேர்த்துக் கேட்டாள் மாயம்மாள்.

"வரட்டும். நீ பேசாம கெட."

வருகிறவர்கள் சினிமாக்காரர்கள் என்று மாயம்மாள் நினைத்திருந்தாள். அவர்கள் ரசிகர்கள். அதிலும் சினிமாவின் ரசிகர்கள் அல்ல. தொண்ணூற்று மூன்று பேய் நாவல்கள் எழுதிய ஒருவரின் ரசிகர்கள். 'அமாவாசை வாசகர் வேதி' என்ற வாட்ஸப் குழுவில் எழுநூறு பேர் இருந்தார்கள்; வேதி என்றால் மலையாளத்தில் மன்றம். ஆசிரியரின் நல்ல புத்தகங்களைப் பற்றிப் பேசித் தீர்ந்துவிட்டதால், ஆறு மாதமாக மோசமானவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்பில் மோசமான நாவல்களில் இரண்டாம் இடம் 'ஏழாம் கிட்டங்கி'க்குக் கிடைத்தது. முதலிடம் பெற்ற நாவலை யாருமே முழுதாகப் படித்திராததால் அதைப் பற்றிச் சண்டை எழவில்லை. மோசமான படங்களில் முதலிடம், ஒரு வாக்குகூடச் சிதறாமல், அதே 'ஏழாம் கிட்டங்கி'க்கு.

அந்தப் படத்தின் பேய்தான் மாயம்மாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் கேரளத்து மட்டாஞ்சேரியில், அவள் வேலை பார்த்த, சுக்கு சேமிக்கும் கிட்டங்கியிலேயே படம் எடுத்தார்கள். பேயாக வரவேண்டிய நடிகை, தன்னைக் கட்டித் தொங்கவிடப்போகும் கயிற்றைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, பெண்கள் சுக்குக்குச் சுண்ணாம்பு பிரட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி, இமை, பல் என்று எல்லாம் வெள்ளை. அவர்களில் ஒல்லியாக இருந்தவளை அவர் கைகாட்டினார். மேக்கப் செலவும் மிச்சம். இறுதிக் காட்சியில் பேய் சுக்குக் குவியலின் மேல் எழுந்து சாபமிட வாயைத் திறக்கிறது. சாபத்துக்குப் பதில் இருமல் வந்தது. பன்னிரண்டு நொடி. மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் நான்கு நாள் ஓடியது. மாயம்மாளுக்கு ஐந்தாம் நாள்தான் லீவு கிடைத்தது. அதனால் தியேட்டர் சிரித்ததை அவள் கேட்கவில்லை. ஊரே அலறியதாக யூனியன் செயலாளர் யூசுப் சொன்னதை நம்பினாள். பிறகு கொரோனா வந்தது. யாரோ அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டி எடுத்துப் போன்களில் விட, கேரளம் முழுக்க இருமல் பேய் இருமியது. மாயம்மாளிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேய்கள் வராது.

இசக்கிசெல்வி அதை முதலில் பார்த்தது, தான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில். சமையற்காரர் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அம்மா என்று சொல்லவில்லை.

ரசிகர்களுக்கு முகவரி கொடுத்ததும் யூசுப்தான். மகளிடம் கேட்காமல் நேரே நோயாளியிடமே சொல்லிவிட்டார். பத்து நாளாக மாயம்மாள் இந்தப் பத்து மணிக்காகத்தான் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். இனித் தடுக்க வழியில்லை. அம்மா, தான் ஒரு சிரிப்பு என்று தெரியாமலேயே போய்ச் சேர வேண்டும்; இசக்கிசெல்விக்கு அது ஒன்று போதும்.

இருவர் வந்தார்கள். வேதியின் தலைவர் கிருஷ்ணபிரசாத், இடப்பள்ளியில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரண விஷயத்தையும் சுற்றறிக்கைபோலவே சொல்லுவார். மற்றவர் கோவிந்த், கல்லூரி விரிவுரையாளர். அவருக்கு எதுவும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. வாசல் படியிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள், காரில் தொடங்கிய விவாதம் முடியாததால். நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பேய் முணுமுணுக்கத்தான் செய்கிறது, இருமல் ஆசிரியருக்குச் செய்த துரோகம் என்றார் தலைவர். உழைப்பவரின் நுரையீரல் முதலாளியின் கதைக்குள் புகுந்து குறுக்கிடும் தருணம் அது என்றார் கோவிந்த்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இருவரும் நிறுத்தினார்கள்.

"அதே டோன்," என்றார் கோவிந்த் மெதுவாக.

இசக்கிசெல்வி கதவை மறைத்து நின்றாள். மோசமான படம் என்று சொல்லக்கூடாது, போனில் சுற்றுவதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, சிரிக்கக்கூடாது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். கிருஷ்ணபிரசாத் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கேடயத்தை எடுத்தார். வாயைத் திறந்தபடி அம்மா அதில் பொறிக்கப்பட்டிருந்தாள். கீழே: மோசமான படத்தின் மறக்க முடியாத பேய்.

"ஸ்நேகத்தோட செஞ்சதாக்கும்," என்றார்.

அவள் அதை வாங்கித் திரும்ப அவர் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

கட்டிலருகே இரண்டு மடக்கு நாற்காலிகள். கோவிந்த் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பெயர், ஊர், எத்தனை வருட வேலை என்று தலைவர் கேட்டார். கடனுக்கு மனு போட்டவரிடம் கேட்பதுபோல இருந்தது. மாயம்மாள் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நின்று நின்று சொன்னாள். நாங்குநேரி. இருபத்திரண்டு வருசம். சுண்ணாம்பு. பிறகு அவர் நாற்காலியை முன்னால் இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒரு காரியம். அந்த இருமல் மாத்திரம்... காமெராவுக்காக ஒரு தடவை..."

"சாரே," என்றாள் இசக்கிசெல்வி.

அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். மாயம்மாளுக்கு அவர் கேட்டது விளங்கவில்லை. தான் கேட்க வேண்டியதை அவள் சேர்த்து வைத்திருந்தாள்.

"நீங்க... படம் பாத்தப்போ... பயந்தியளா?"

கோவிந்த் தொண்டையைச் செருமினார். பயம் என்பதே ஒரு கட்டமைப்புதான் என்று தொடங்கியவர், இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்து அதோடு விட்டார். அந்தப் படத்தில் பயப்பட ஒரு சட்டகமும் கிடையாது என்று ஆறு மாதமாகப் பதினான்கு நீண்ட பதிவுகளில் நிறுவியவர் கிருஷ்ணபிரசாத். போன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"பயந்தேன்மா. ஆத்துக்குப் போயி ரெண்டு நாள் லைட்டை அணைக்கலை. உறங்கவும் இல்லை."

மாயம்மாள் மகளைப் பார்த்தாள். நீயும் கேட்டாயல்லவா என்பதுபோல. உதடு விரிந்தது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. பன்னிரண்டு நொடியில் நிற்கவில்லை. முதுகைத் தாங்கிப் பிடித்திருந்த இசக்கிசெல்வி, ஒரு கையை நீட்டிக் கோவிந்தின் போனைக் கவிழ்த்தாள். அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோனார்கள். நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார் கிருஷ்ணபிரசாத்.

பகல் இரண்டு மணிக்கு மாயம்மாள் இறந்தாள். கமலாக்ஷி வந்து குழாயை எடுத்தாள். ஆக்சிஜன் சிலிண்டரை மூட யாருக்கும் தோன்றாததால் அது கொஞ்ச நேரம் தனியாகச் சீறிக்கொண்டிருந்தது.

காலையிலேயே கோவிந்த் இசக்கிசெல்வியின் எண்ணைக் குழுவில் சேர்த்திருந்தார். பெயர் போடாமல் 'இருமல் பேய் காலமானது' என்று துக்கச் செய்தி போன அரை மணியில் அஞ்சலிகள் குவிந்தன. வெறும் பூச்செண்டு போதாதென்று எல்லோரும் அந்த இருமலையே அனுப்பினார்கள். கீழே கூப்பிய கைகள். அதை நிறுத்தும்படி தலைவர் எழுதினார். இதுவே உண்மையான அஞ்சலி என்று கோவிந்த் எழுதி, கூடவே தலைவர் 'பயந்தேன்மா' என்று சொல்லும் துண்டையும் போட்டார். பிறகு மாயம்மாளை யாரும் நினைக்கவில்லை. தலைவரின் பதினான்கு பதிவுகளும் தோண்டி எடுக்கப்பட்டன. அந்தி சாயும் முன் கிருஷ்ணபிரசாத் குழுவைவிட்டு வெளியேறினார்.

போகும் முன் யூசுப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். யூனியன் சார்பில் சந்துமுனையில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்ட யூசுப்தான் போட்டோ கேட்டிருந்தார். சினிமாவிலிருந்து எடுத்த படம். ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

"நல்ல கிளியரா உண்டு மோளே. இது போடட்டா?"

இசக்கிசெல்வி அலமாரியைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதில ஆளு யாருன்னே தெரியலியே."

"இதுவே போடுங்க யூசுப் காக்கா."

மறுநாள் காலை, நாங்குநேரியிலிருந்து வரும் ராமர் மாமாவுக்கு வழி தெரியாது என்பதால் அவள் சந்துமுனைக்கு வந்து நின்றாள். மூங்கில் காலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் அகலமாகி, கண் பாதி மூடி, வரிசையில் வெகுநேரம் நின்ற எவளோ ஒருத்தியாக அம்மா இருந்தாள்.

ஃப்ளெக்ஸின் அடியிலேயே மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கையில் மலர்வளையம். நாடாவில் வேதியின் பெயர். தலைவரின் போன் அணைந்திருப்பதாகவும், வைட்டிலா தாண்டியதிலிருந்தே முயல்வதாகவும் பேசிக்கொண்டார்கள். பிறகு அவளிடம் வந்தார்கள்.

"சேச்சி, ஒரு சினிமாவில பேயா வந்த அம்மை இவிடதானே? மரிச்சுபோனாங்களே. வீடு ஏதாக்கும்?"

"அப்படி யாரும் இங்க இல்ல."

அவர்கள் நன்றி சொன்னார்கள். வளையம் பிடித்திருந்தவருக்குக் கை வலித்திருக்க வேண்டும். அதை மூங்கிலில் சாய்த்து வைத்துவிட்டு எதிர்க் கடைக்குச் சாயா குடிக்கப் போனார்கள். இரண்டாம் இடம் உண்மையில் எந்த நாவலுக்குப் போயிருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே தொடர்ந்தது. ஒருவர் மட்டும் சிகரெட்டை எடுத்தவர், தலைக்கு மேல் இருந்த படத்தைப் பார்த்து, யாரோ தெரியாத கிழவிக்காக நான்கடி தள்ளிப் போய்ப் பற்றவைத்தார்.

ஆட்டோவிலிருந்து ராமர் இறங்கினார். அக்காளின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதன் காலடியில் இருந்த பூவை.

"ஏட்டி, யாரு வச்சது?"

இசக்கிசெல்வி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.