விரல் பட்ட கோப்பைகள்

அந்தப் பீங்கான் பட்டறையில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். தம்பி பெண்டாட்டிக்கு வந்த நாளிலிருந்து ஒரே வேலை: கோப்பைக்குப் பூசும் கிளேஸ் கரைசலைச் சல்லடையில் சலிப்பது. அவள் கண்ணெல்லாம் அதைத் தெளிக்கும் ஸ்ப்ரே கன் மேல்தான். நாத்தனாரோ அதைப் பிள்ளைபோல் இடுப்பிலேயே வைத்திருப்பாள்.

நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் மனம் இறங்கினாள். "ஒரு சூளை நிறையக் கோப்பை தரேன். நல்லா வந்தா கன் உனக்கு. சொதப்பினா ஆயுசுக்கும் சல்லடைதான்."

சின்னவள் முகமூடி மாட்டி, இடக்கையால் கோப்பை வைத்த வட்டைச் சுழற்றி, வலக்கையால் தெளித்தாள். கை ஓரிடத்தில் நின்றால் வழியும், பறந்தால் திட்டுத்திட்டாகும். நின்றும் நில்லாமலும் ஓட்டினாள். கோப்பைகள் மாவில் புரண்டதுபோல் பொசுபொசுவென்று நின்றன. தொட்டால் உதிர்கிற பூச்சு, அடியைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும்.

"சூளையில அடுக்கறது நான்தான். உன்ன நம்ப முடியாது," என்றாள் நாத்தனார். அவளே அடுக்கி, அவளே மூடினாள்.

சூளை ஆறித் திறந்ததும் சின்னவள் எட்டிப் பார்த்தாள். நீலம் கொள்ளை அழகு. ஆனால் ஒவ்வொரு கோப்பையின் வயிற்றிலும் பூச்சே இல்லாமல் மூன்று விரல் தடம்!

"பாத்தியாடா உன் பொண்டாட்டி லட்சணத்த?" என்று நாத்தனார் தம்பியிடம் எகிறினாள். "எங்க, நீ கைய வைடி பாப்போம்!"

சின்னவள் விரல்களை வைத்தாள். தடம் இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. தம்பி வைத்தான். அவன் விரல்கள் நீளம், தடத்தைத் தாண்டி நின்றன. பட்டறையில் மிச்சம் ஒரு கைதான்.

நாத்தனார் மெதுவாக விரலை வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. பூச்சு நன்றாக ஏறியிருந்ததைப் பார்த்த பூரிப்பில், ஒவ்வொன்றையும் அடியைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்து எடுத்து ரசித்துத்தான் அடுக்கியிருக்கிறாள்.

அவள் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என் கைய நானே சுட்டுக்கிட்டேன்டி," என்று கன்னை எடுத்து நீட்டினாள்.

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அண்ணி, இந்தக் கோப்பையெல்லாம் திரும்பத் தெளிச்சிடறேன். நீங்க ஒரே ஒரு உதவி பண்ணணும்."

"என்னடி?"

"அதுவரைக்கும் கோப்பையத் தொடாம, சல்லடையக் கையில பிடிச்சுக்குங்க!"