வலையில் ஒட்டியிருந்த மூன்று பூச்சிகள்

நான் ஓடி வந்து சேர்ந்தபோது திம்மப்பன் அண்ணன் மீன்குஞ்சுக் கவர்களை ஏரியில் மிதக்கவிட்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டு. ஏரியின் சூடு குஞ்சுகளுக்குப் பழகும்வரை அப்படியே மிதக்க வேண்டும். பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

"வாம்மா பூச்சிக்காரம்மா! நீ சொன்ன சேதிய நம்பித்தான் வாங்கியாந்தேன். மொதல் கவர நீயே அவுத்து விடு."

நான் விலங்கியல் படிக்கிறேன். நீரடிப் பூச்சிகளைப் பார்த்து ஏரியின் தரத்தைச் சொல்வது என் ஆய்வு. காலால் சேற்றைக் கலக்கி, வலையில் அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பேன். மூன்று வால் உள்ள பூச்சிக்குஞ்சு நல்ல தண்ணீரில்தான் வாழும். எதுவும் வாழாத சாக்கடையிலும் சிவப்புப் புழு வாழும்.

போன சனிக்கிழமை காலை ராயக்கோட்டை மலையடி ஓடையில் வலை போட்டேன். வலை நிறைய மூன்று வால் பூச்சிகள். அடுத்த தண்ணீருக்குப் போகுமுன் வலையைக் கழுவி உதற வேண்டும். நான் கழுவாமலே பேருந்தில் ஏறி, பனி பெய்துகொண்டே இருக்கும் ஒரு நாவலைத் திறந்துவிட்டேன். மனதில் அந்தப் பனியோடுதான் உத்தனப்பள்ளியில் இறங்கினேன்.

அன்றே இந்த ஏரியில் அள்ளிய தட்டில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. நடுவே மூன்று வால் பூச்சிகள் மூன்று. அவை நெளியவில்லை. இடுக்கியால் தொட்டதும் ஒன்றின் கால் கழன்று வந்தது. ஓடையிலிருந்து வலையில் ஒட்டி வந்து, காலையிலேயே செத்தவை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு வருடமாக ஒரு மீன்கூடத் தங்கவில்லை. "இதானே அந்த மூணு வாலு? அப்ப தண்ணி தேறிருச்சா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "ஆமாண்ணா" என்றேன்.

இன்று காலை அவர் போனில் கவர்கள் வந்த கதையைச் சொன்னார். நான் "வரேண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

"நஞ்சம்மா, அவுக்காத!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நஞ்சம்மா ஒரு கவரைக் கவிழ்த்திருந்தார்.

"வலையப் போடு. என் கண்ணு முன்னால போடு."

கரையிலிருந்த போர்க் குழாயில் வலையைக் கழுவினேன். ஓர் இடத்தில் அல்ல, நான்கு இடங்களில் அள்ளினேன். நான்கு தட்டிலும் சிவப்பு மட்டும்தான். அவர் கடைசித் தட்டை வெகுநேரம் பார்த்தார். மீதிப் பதினொரு கவர்களையும் ஆட்டோவில் ஏற்றினார்.

"மத்தூர்ல மச்சான் குட்டை இருக்குது. அதுவரைக்கும் ஆக்சிஜன் தாங்கும்," என்று என்னைப் பார்க்காமல் நஞ்சம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கவிழ்த்த கவரின் குஞ்சுகள் அதற்குள் கரையோரம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையால் அள்ளத் தொடங்கினேன்.

நஞ்சம்மா போர்த் தண்ணீர் நிறைத்த பக்கெட்டைக் கொண்டுவந்து கரையில் வைத்தார்.

"வலையக் கழுவிட்டியா?" என்றார்.