அண்ணன் தேவையில்லை

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவருக்கு அடியிலிருந்து ஈர விரிப்பை ரஸ்ஸல் உருவிக்கொண்டிருந்தபோது கென் வாயைத் திறந்தார்.

"பெத் எப்படா வரா?"

ரஸ்ஸலின் கை அப்படியே நின்றது. தங்கையின் பெயரை அப்பா வாயால் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

"மத்தியான ரயிலுக்கு வந்துடுவா. நீங்க ஆடாம இருங்கப்பா, ஒரு நிமிஷம்."

"பேனா கொண்டு வராளாமா?" கென் சிரிக்கப் பார்த்தார். அது இருமலில் போய் முடிந்தது. ரஸ்ஸல் அவர் மோவாயைத் துடைத்துவிட்டான்.

கூடத்தில் சோபா கிடந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில் கிடந்தது. நுரையீரல் இனித் தேறாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் மோரின் வந்து வலிமருந்து இறங்கும் மார்ஃபின் பம்பைச் சரிபார்த்துவிட்டுப் போவாள். மற்றபடி மலம், மூத்திரம், வாந்தி, வசவு எல்லாம் ரஸ்ஸல் பாடு. மீன் வறுவல் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு அப்பாவே கதி என்று கிடந்தான்.

பெத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் எழுத்தும் படிக்கிறாள். "இங்கிலீஷ்தான் உனக்குப் பேசத் தெரியுமேடி, அதைப் போய் மூணு வருஷம் என்னத்தப் படிப்ப?" என்று கென் கேட்டபோது கிரிம்ஸ்பி துறைமுகத்தில் அவர் பீர் குடிக்கப் போகும் கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டாம் வருடம் அவள் எழுதிய கதைக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா இன்சூரன்ஸ்காரனோடு போய்விட்ட அந்தக் குளிர்காலத்தில், அப்பா இரவெல்லாம் அம்மாவின் ரோஜா நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டு, கழுத்துவரை பொத்தானிட்டுப் படுத்திருந்ததை அவள் எழுதிவிட்டாள். மாணவர்கள் வருடாவருடம் போடும் தொகுப்பில் அது அச்சானது. பெருமையோடு வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். அது எப்படியோ கிளப்புக்குப் போனது. ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று பெண் குரலில் வாசித்தான். அதற்கப்புறம் கென் தெருவில் இறங்கினாலே, "குளிருதா கென்? பொத்தான் போட்டுவிடட்டுமா?" என்று கேட்க ஆள் இருந்தது. அவர் கிளப்பை விட்டார். மகளின் போனை எடுப்பதையும் விட்டார்.

ரஸ்ஸலுக்கும் ஒரு புண் உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தொகுப்பின் வெளியீட்டுக்கு அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மூன்று ரயில் மாறிப் போனான். செத்தவர்களின் கோட்டுகளைப் பழைய துணிக்கடையில் வாங்கி மாட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள், கைதட்டிக்கொண்டார்கள். மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் அவனைப் பார்த்து, "நீங்க பெத்தோட அண்ணனா? அய்யய்யோ, உங்கள நாங்கதான் வெட்டித் தூக்கினோம்!" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அவர்கள் வகுப்பில் ஒருவர் கதையை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அலசுவார்களாம். முடியும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாதாம். பெத்தின் முதல் வரைவில் ஒரு அண்ணன் இருந்தானாம். தங்கைக்கு ரொட்டி வாட்டிக் கொடுப்பான், தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான்.

"அண்ணன் தேவையில்லைன்னு மொத்த வகுப்பும் ஒரே குரல்ல சொல்லிடுச்சு. அவன் வந்தாலே கதை படுத்துடுது. டீச்சரும் அதையேதான் சொன்னார். பெத் உடனே ஒத்துக்கிட்டா. இப்ப பாருங்க, எப்படி நிமிர்ந்து நிக்குது!"

ரஸ்ஸல் அவளோடு சேர்ந்து சிரித்துவைத்தான். ரயிலில் திரும்பும்போது தொகுப்பை இருமுறை படித்தான். அந்த வீட்டில் ஒரு அப்பாவும் ஒரு மகளும் மட்டும்தான் இருந்தார்கள்.

புது விரிப்பை இழுத்துச் செருகியதும் கென் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவ வர்றதுக்குள்ள நான் மயங்கிட்டா நீ சொல்லிடு."

"என்னன்னு?"

"அந்தக் கதை. அதுல ஒரு வரி பொய் இல்லடா. அந்தப் பசங்க சிரிச்சதுக்கு அவ என்ன பண்ணுவா? கோவம் அவ மேல இல்ல. அவ முகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்." மூச்சு வாங்கினார். "ஒரு காரணத்துக்காகவும் எழுதறத விடக்கூடாதுன்னு சொல்லு. அவளுக்குக் கண்ணு இருக்குடா. நீயும்தான் அன்னிக்குப் பக்கத்து ரூம்ல இருந்த. உனக்கு என்ன தெரிஞ்சுது? மாடு மாதிரி தூங்கின."

ரஸ்ஸல் ஈர விரிப்பைச் சுருட்டினான். தூங்கவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்தவன்தான் அவன். பார்த்தது அப்பாவுக்குத் தெரிந்தால் அவமானப்படுவார் என்று சத்தமில்லாமல் போய்ப் படுத்தான், இன்றுவரை மூச்சு விடவில்லை. சொன்னவளுக்குக் கண், சொல்லாதவன் மாடு.

"சொல்றேன்," என்றான்.

பெத் வந்தபோது கென் நினைவில்லாமல் கிடந்தார். அவள் பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் மண்டிபோட்டாள்.

"ரஸ், என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"கேக்கக்கூட இல்லையா?"

"இல்லன்னு சொல்றேனே."

அவள் முகம் வெளிறியது. அதைப் பார்க்க அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மோரின் வந்து நாடி பார்த்தாள். "பேசும்மா. காது கடைசிவரைக்கும் கேக்கும்," என்றாள்.

பெத் அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, நான் படிப்ப விட்டுடறேன். எழுதறதையும் விட்டுடறேன். சத்தியமா இனி ஒரு வரி எழுத மாட்டேன். போதுமா?"

கென்னின் புருவம் நெரிந்தது. தலை தலையணையில் இப்படியும் அப்படியும் புரண்டது. விரல்கள் விரிப்பைப் பிறாண்டின. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே வர முட்டி மோதியது.

"என்ன சொல்றார்? ரஸ், என்னமோ சொல்ல வரார்!"

அது என்ன என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"வலி," என்றான் ரஸ்ஸல். "காலையிலேர்ந்தே இப்படித்தான் துடிக்கறார். மோரின், மருந்து கொஞ்சம் சேர்த்துக் குடுங்களேன். பாக்க முடியல."

"பாவம் மனுஷன்," என்று மோரின் ஊசியை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஓய்ந்தன. புருவச் சுளிப்பு அகன்றது. "நான் சொன்னதும் நிம்மதி ஆயிட்டார், பாரு," என்று பெத் அழுதாள். ரஸ்ஸல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். இருட்டுவதற்குள் கென் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கிளப்பில் சாண்ட்விச்சும் பீரும் கொடுத்தார்கள். நாற்காலி மேல் நின்று வாசித்தவன் வந்து, "தங்கமான மனுஷன்" என்று பெத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் ரஸ்ஸலைத் தனியே இழுத்தாள்.

"எங்க டீச்சர் போன் பண்ணார். படிப்ப விடறத நல்லா யோசிச்சு முடிவு பண்ணச் சொல்றார். ஒரே ஒருதடவை கேக்கறேன். அப்பா என்னை மன்னிச்சிருப்பாரா? உனக்கு என்ன தோணுது?"

இப்போதாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. அவள் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அவனை இப்படி உன்னிப்பாகப் பார்த்தது இதுதான் முதல்தடவை.

"சாகற வரைக்கும் மனசு ஆறல," என்றான். "இந்தக் கிளப்ப நினைச்சு நினைச்சே போய்ச் சேர்ந்தார்."

அவள் தலையாட்டினாள். சிரித்துக்கொண்டிருந்த ஆண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன்."

அடுத்த வாரம் தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில், அவளுக்கு அளவு சரியில்லாத வெள்ளைக் கோட்டின் கையை ரஸ்ஸல் இரண்டு மடிப்பு மடித்துவிட்டான். முடியை மூடும் நீல வலைத்தொப்பியை மாட்டத் தெரியாமல் அவள் திணறினாள். அவன் வாங்கி மாட்டிவிட்டு, காதோரம் நழுவிய முடியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான்.

"ஒரு முடிகூட வெளிய தெரியக்கூடாது," என்றான். "திரும்பு, பின்னாடி பாக்கறேன்."

அவள் திரும்பி நின்றாள்.