மூவருக்கு மேல் அனுமதி இல்லை

பாளையங்கோட்டை நகரப் பேருந்து ஒன்றின் நடத்துநர் சொரிமுத்து. அவருடைய சிறுகுடலில் நான் வாசல்காரனாக இருந்தேன். அவர் சாப்பிடும் புரதம் எங்களைத் தாண்டித்தான் உடம்புக்குள் போக வேண்டும். என் வாசலில் இரண்டு பேரோ மூன்று பேரோ கை கோத்து வரலாம். ஒற்றையாக வருகிறவர்களுக்குப் பக்கத்து வாசல். நான்கு பேர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

புரதம் இரைப்பைக்கு வரும்போது நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். அங்கே அமிலம் அதை நீவி நேராக்கும். அப்போதுதான் அது அமினோ அமிலங்கள் கை கோத்து நிற்கும் நீண்ட வரிசை என்று தெரியும். பெரிய துண்டுகளாக வெட்டி எங்களிடம் அனுப்புவார்கள். எங்கள் பகுதியில் கத்தரி வைத்திருந்தவள் வடிவு. கண்ட இடத்தில் வெட்டமாட்டாள். லைசின், அர்ஜினின் என்ற இருவருக்கும் அடுத்த இடத்தில்தான் வெட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா லைசின் அத்தி பூத்த மாதிரிதான், அண்ணாச்சி. கத்தரிய வித்துப்போட்டு வேற சோலி பாக்கலாம் போலிருக்கு."

"அவரு பன்னும் கடுங்காப்பியுமா நாளை ஓட்டினா என்ன செய்ய?"

"பருப்புன்னு ஒண்ணு உண்டுன்னு யாராவது சொல்லப்படாதா?"

வாய்ப்பக்கம் போய்வர எங்களில் யாருக்கும் நேரமில்லை. பன்னில் லைசின் குறைவு. வந்த ஒன்றிரண்டையும் கல்லீரல் தன் வேலைக்குப் பிடித்துக்கொண்டது. உடம்புக்குள் யாரும் லைசினைச் செய்ய முடியாது.

அன்று இடது குதிகாலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செருப்புக் கடித்த இடத்தில் புதுத் தோல் நெய்கிறார்களாம். ஒரே ஒரு லைசின் குறைகிறதாம். அது வராமல் அடுத்த கண்ணி போட முடியாது, நாளை எட்டு மணி நேரம் பேருந்தில் நிற்க வேண்டிய கால் இது என்று எழுதியிருந்தது.

பத்து மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களில் அதுதான் மிகச் சிறியது. அதை இடுப்பில் வைத்திருந்தார்கள்.

"நாங்க மூணு பேருதான்வே. இது மடிப்பிள்ளை, டிக்கெட் கிடையாது" என்றார் முன்னால் நின்றவர். நடத்துநரின் உடம்பில் எல்லோரும் இதைச் சொல்லிப் பார்ப்பார்கள்.

"மடிப்பிள்ளையும் ஒரு ஆளுதான். உங்கள்ல லைசின் யாராவது உண்டா?"

"இருந்தா இப்படிக் கெஞ்சிக்கிட்டா நிப்போம்? ராசா மாதிரில்லா போயிருப்போம்."

வரிசையின் ஓரத்தில் நிற்பவரை மட்டும் நறுக்குகிறவர் வந்து கிளைசினைப் பிரித்துப் பக்கத்து வாசலில் விட்டார். மற்ற மூவரும் என் வழியாகப் போனார்கள்.

பிற்பகலில் குதிகாலிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதில் 'சீழ்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

வாசல்காரனும் புரதம்தான். எனக்குள் எண்ணிப் பார்த்தேன். லைசின்கள் இருந்தன. சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். நேராக வடிவின் முன்னால் போய் விழுந்தேன்.

"எங்க வெட்டட்டும், அண்ணாச்சி?"

"எப்பவும் எங்க வெட்டுவியோ அங்கதான்."

"கூசினா சொல்லும்."

கூசவில்லை. ஒரு லைசினும் அதற்கு முன்னால் இரண்டு பேருமாக ஒரு துண்டு வந்தது. இனி நான் லைசினாக இருப்பது என்று முடிவு செய்தேன். என் வாசலில் அதற்குள் புது ஆள் நின்றான்.

"எத்தனை பேரு?"

"மூணு."

"உள்ள போங்க, வழியில நிக்காதீங்க."

உள்ளே எங்கள் கைகளைப் பிரித்துவிட்டார்கள். இரத்தம் என்னைக் கல்லீரலுக்குக் கூட்டிப் போனது. கல்லீரல் நான் கொண்டுபோன இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கீழே அனுப்பியது.

இப்போது இடது குதிகாலில் இருக்கிறேன். நான் போய் நின்றதும் எனக்கு அடுத்த கண்ணி விழுந்தது. பிறகு வரிசையாக விழுந்து தோல் மூடியது. வடிவு வெட்டியதில் மிச்சமிருந்த நான்களில் ஒருவன் மீசையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் செருப்பு வந்தது. புதுத் தோல், ஒரு விரல் இடம் வேண்டும் என்றேன். செருப்பும் ஒரு காலத்தில் தோல்தான்; ஒரு விரல் அளவு வளர்ந்துகொண்டது.